துண்டு வெட்டுமுன் ஒரு மணி நேரம்

உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்தோ, கலேவெலைப் பக்கத்து வெங்காயத் தோட்டமொன்றிலிருந்தோ, நள்ளிரவிலே ஒருவர் வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாழ்வை வெறுத்துத் தம்முயிரைத் தாமே மாய்க்க முனைந்தவர் அவர். வைத்தியரும் தாதியரும் கண்விழித்துப் போராடி அவரைக் காப்பாற்றிவிடுகின்றனர். மூன்றாம் நாள் உடல் தேறுகிறது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகின்றனர். எந்த வீட்டிலே அவர் மனம் உடைந்ததோ, அதே வீட்டுக்கு! எந்தக் கடன் அவரை அழுத்தியதோ, அதே கடனிடம்! இடையிலே அவரருகில் அமர்ந்து, “உமக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்டவர் யார்?

மாத்தளை மாவட்டத்துத் தமிழ் மக்கள் முன் நாம் வைக்கும் வினா இதுவே.

இலங்கை இத்துறையிலே உலகம் வியக்கும் சாதனையொன்றைப் புரிந்த நாடு. 1995 ஆம் ஆண்டளவில் இங்கே இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். அத்தகைய கொடிய வீதம் உலகில் மிகச் சில நாடுகளிலேயே இருந்தது. 1984 இலும் 1995 இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும், அதிக நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. இன்று அவ்வீதம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்துள்ளது. 1995 க்கும் 2015 க்கும் இடையில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் இதனாற் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர் கணிப்பு.

நஞ்சின் வலிமை குறைந்தது. துயரத்தின் வலிமை குறைந்ததா? இல்லை. முன்னர் மாண்டிருக்கக்கூடியவர் பலர் இன்று வைத்தியசாலைக் கட்டிலில் உயிரோடு கிடக்கின்றனர். எனவே அந்தக் கட்டிலே நமக்குக் கிடைத்துள்ள நல்வாய்ப்பு. அதனை வீணாக்கலாமா?

வீணாக்கலாகாது என்பதற்குச் சான்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களிலும், பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளின் நகரங்களிலுமாக ஓர் ஆய்வை நடத்தியது. உயிர்மாய்க்க முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே கிடைத்தது. மறு பகுதியினருக்கு, அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், வீடு திரும்பிய பின் 18 மாத காலத்தில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலவிசாரிப்பும் கிடைத்தன. 2008 இல் முடிவு வெளிவந்தது. முதற்பகுதியில் உயிர்மாய்த்தோர் நூற்றுக்கு 2.2, மறு பகுதியில் 0.2 மட்டுமே!

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர வைத்தியர்களோ மூன்றே அமர்வுகள் கொண்ட முறையொன்றை வகுத்தனர். நோயாளி தம் கதையைத் தாமே சொல்கிறார்; எந்த வேளையில், எந்த எண்ணத்தில் ஆபத்து மூள்கிறது என்பதை வைத்தியரோடு சேர்ந்து கண்டறிகிறார்; அவ்வேளை மீண்டும் வந்தால் யாரை அழைப்பது, என்ன செய்வது என்று எழுதி வைத்துக்கொள்கிறார். பின்னர் ஈராண்டுகள் கடிதங்கள் அவரைத் தேடி வருகின்றன. 120 பேரிடம் நடந்த அவ்வாய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது. ஈராண்டுகளில் இம்முறையைப் பெற்றோரிடையே மீண்டும் நிகழ்ந்த முயற்சிகள் 5, பெறாதோரிடையே 41.

பிற்காலத்து ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பயனைக் காட்டவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆயினும் இத்துணைக் குறைந்த செலவில் இத்துணை நம்பிக்கை தரும் மருந்தை எந்த அரசு ஒதுக்கலாம்?

“பேச்சு கடனை அடைக்குமா? கூலியை உயர்த்துமா?” என்று சிலர் கேட்பர். அடைக்காது, உயர்த்தாது. அவற்றுக்கான போராட்டம் ஓயவும் கூடாது. ஆனால், இம்முடிவைப் பலர் நெடுநாள் திட்டமிட்டு எடுப்பதில்லை. கணநேரக் கொதிப்பிலே எடுக்கின்றனர். அக்கணத்தைக் கடக்க ஒரு கை கொடுத்தால், மனிதர் வாழ்வார். வாழ்ந்தாலன்றோ உரிமைக்குப் போராடவும் முடியும்!

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. காய்ச்சல் மருந்துக்கு மொழி இல்லை. இம்மருந்தோ மொழியே. மகனை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்தி, ஒரு தாய் தன் மணவாழ்வின் துயரத்தைச் சொல்வாளா? மருமகளை நடுவில் வைத்து, ஒரு முதியவர் தம் அவமானத்தை உரைப்பாரா? தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. அவ்வுரிமை பெயர்ப்பலகையிலே நின்றுவிடலாகாது, கட்டிலருகே வரவேண்டும். மாத்தளையிலும் தம்புள்ளையிலும், இத்தகைய நோயாளர் எவரும், இவ்வுரையாடலிற் பயிற்சி பெற்ற தமிழறிந்த தாதியோ உத்தியோகத்தரோ ஒருவரோடு ஒரு மணி நேரம் தனித்துப் பேசாமல் வீடு திரும்பலாகாது. இதுவே எமது கோரிக்கை.

அரசுக்கு மட்டுமன்று, நமக்கும் கடமை உண்டு. உயிர்மாய்க்க முயல்வதைக் குற்றமாகக் கொண்ட சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. சட்டம் விட்டுவிட்டது, ஊர் வாய் விட்டதா? படித்தோரே, இக்கோரிக்கையை மாகாண சுகாதார அதிகாரிகளிடம் எழுத்தில் கொண்டுசெல்லுங்கள். உழவரே, தோட்டத் தோழரே, வைத்தியசாலையிலிருந்து திரும்பிய அயலவரைக் கண்டு முகம் திருப்பாதீர். ஏளனமும் உபதேசமும் வேண்டா. திண்ணையில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த கிழமையும் போங்கள். மனம் இருண்டவர் எவராயினும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். 1974 முதல் இப்பணியாற்றிவரும் சுமித்ரயோ அமைப்பையும் நாடலாம்.

மூன்று நாட் போராடி மீட்ட உயிருக்கு, ஒரு மணி நேரத்தை மறுப்பது எவ்வகை நீதி?