முதல் கேட்பு போதாது

1995 இல் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி செய்த மேடைக் காதுக்கருவியிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. அன்று அதுவும் புதியதே. எனவே புதிய தயாரிப்பாளர்களை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களின் விலையுயர்ந்த இயர்போனை ஒருமுறை கேட்டவரின் புகழுரையை மட்டும் நம்பி, நெடுங்கேணி போன்ற சிற்றூரிலிருந்து இணையத்தில் காசு கட்டுவது பிழை. சற்றே கூடிய சத்தத்தில் ஒலிப்பது எவருக்கும் சிறப்பாகவே தோன்றும். சிலிக்கன் முனை காதில் இறுகப் பொருந்தாவிட்டால் தவிலின் தாழ்ஒலிப் பக்கமான தொப்பி மங்கி, உயர்ஒலிப் பக்கமான வலந்தலை மட்டும் கணீரென்று கேட்கும். அதைத் 'தெளிவு' என்று மெச்சிவிடுவோம். காதுதானே நீதிபதி என்பார்கள். உண்மைதான், ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே சத்தத்தில், பழகிய பாட்டில், பல நாள் ஒப்பிட்ட காதுதான் நீதிபதி. திருப்பிக் கொடுக்கும் வசதியும் உத்தரவாதமும் எழுத்தில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.