ஐ.நா.வின் எந்தச் சொல் இந்தியாவின் காதில் விழுகிறது?

2001 செப்டம்பர் என்றதும் நமக்கு இரட்டைக் கோபுரங்கள்தான் நினைவுக்கு வரும். அதே மாதம் 8ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு முடிந்தது. சாதியையும் பிறப்பை வைத்துச் செய்யப்படும் பாகுபாடாக அந்த மாநாடு ஏற்க வேண்டும் என்று இந்தியாவிலிருந்து சென்ற தலித் இயக்கத்தினர் வாதாடினார்கள். வாஜ்பாய் அரசு எதிர்த்தது. சாதி வேறு, இனம் வேறு. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை.

இருபது நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்தைக் கடுங்குற்றமாக்கி எல்லா நாடுகளும் சட்டம் இயற்ற வேண்டும் என்று கட்டளையிட்ட அந்தத் தீர்மானம், பயங்கரவாதம் என்றால் என்ன என்பதை வரையறுக்கவே இல்லை. இம்முறை உள்நாட்டு விவகாரம் என்ற பேச்சு எழவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 24 அன்று பொடா அவசரச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, மேடைப் பேச்சுக்காக வைகோ அதில் கைதானதைத் தமிழ்நாடு பார்த்தது. 2004இல் பொடா நீக்கப்பட்டபோது, அதன் பிரிவுகள் பல உபா சட்டத்துக்குள் குடியேறின. 2008 திருத்தத்துக்குப் பிறகு உபாவின் முகப்புரையிலேயே 1373ஆம் தீர்மானம் இருக்கிறது.

அந்தச் சட்டம் யாரைத் தேடி வந்தது? அம்பேத்கர் பிறந்த நாளான 2020 ஏப்ரல் 14 அன்று ஆனந்த் டெல்டும்டே சரணடைந்தார். பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதாக முதல்நோக்கில் ஆதாரம் இல்லை என்று சொல்லி மும்பை உயர்நீதிமன்றம் பிணை வழங்க, இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆனது. பழங்குடிகளோடு நின்ற, திருச்சி மண்ணில் பிறந்த ஸ்டேன் சாமிக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், பிணை கிடைக்காமலேயே இறந்தார்.

மறுபக்கத்தைப் பாருங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. அதற்கான மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. ஜெயராஜும் பென்னிக்ஸும் சாத்தான்குளத்தில் அடித்துக் கொல்லப்பட்டது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கைக்கோ 1968இலேயே ஏற்புறுதி அளித்துவிட்டோம். அதிலுள்ள 'வம்சாவளி' என்ற சொல் சாதியையும் குறிக்கும் என்று ஐ.நா. குழு 2002இல் தெளிவாகச் சொன்னது. அதை இந்திய அரசு ஏற்கவில்லை.

அப்படியானால் பயங்கரவாதத்துக்கும் ஊழலுக்கும் எதிரான ஒப்பந்தங்களே வேண்டாமா? வேண்டும். ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறையை 2011இல் ஏற்ற பிறகுதான், 2013இல் நம் தண்டனைச் சட்டத்தில் ஆள்கடத்தல் விரிவாக வரையறுக்கப்பட்டது. கொத்தடிமைகளாக விற்கப்படும் நம் மக்களுக்கு அது ஓர் ஆயுதம்.

சிக்கல் ஒப்பந்தங்களில் இல்லை. அரசின் கையில் லத்தியைக் கொடுக்கும் தீர்மானம் வாரக் கணக்கில் சட்டமாகிறது. அந்தக் கையைப் பிடிக்கும் உடன்படிக்கை கால் நூற்றாண்டாகத் தூசி படிந்து கிடக்கிறது. எனவே, அடுத்த முறை ஒரு கொடுஞ்சட்டத்துக்கு 'சர்வதேசக் கடமை' என்று அரசு காரணம் சொன்னால், 1997இல் போட்ட கையெழுத்து என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்போம்.