லோர்ட் பெண்ட்னர்: பகிடி மறைக்கிற ரெண்டு விசயம்

நிக்லஸ் பெண்ட்னர் எண்டால் உதைபந்தாட்டம் பாக்கிற எல்லாருக்கும் உடனே சிரிப்பு வரும். 'லோர்ட் பெண்ட்னர்' மீம்கள் அவ்வளவு பிரபலம். தன்னைப் பற்றி அவர் பெரிசாகக் கதைச்சதும் உண்மை. அந்த அளவுக்கு விளையாடாததும் உண்மை. யுவென்டஸில் ஒரு சீசன் இருந்தும் ஒரு கோல்கூட இல்லை.

ஆனால் இந்தப் பகிடி ரெண்டு விசயத்தை மறைக்குது.

முதலாவது, அவர் அடிச்ச கோல்கள். 2007 இல் ஆர்சனலுக்காக மாற்று வீரராக இறங்கி, ரெண்டு செக்கனுக்குள்ள டொட்டன்ஹாமுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் அடிச்சார். 2010 இல் போர்ட்டோவுக்கு எதிராக மூன்று. டென்மார்க்குக்காக 81 போட்டிகளில் 30. யூரோ 2012 இல் போர்த்துக்கலுக்கு எதிராக ரெண்டு கோல் அடிச்சும், அந்தப் போட்டியில் அவர் காட்டின விளம்பர உள்ளாடையும் ஒரு இலட்சம் யூரோ தண்டமும்தான் எங்களுக்கு ஞாபகம். 2017 இல் ரொசென்போர்க்குக்குப் போய் 19 கோல்களோடு நோர்வே லீக்கில் முதலிடம் பிடிச்சதை ஆரும் மீமாகப் போடுறேல்லை.

ரெண்டாவது விசயம் பாரதூரமானது. 2018 இல் கொப்பன்ஹேகனில் ஒரு டாக்சி சாரதியைத் தாக்கினதுக்காக அவருக்கு 50 நாள் சிறைத்தண்டனை கிடைச்சது. சாரதியின் தாடை உடைஞ்சது. மீமுக்குள்ள அதுவும் 'லோர்ட்' செய்த இன்னொரு குழப்படியாகிப் போச்சு.

ஒருவரைக் கோமாளியாக்கினால் அவரின்ர திறமையும் தெரியாது, குற்றமும் உறைக்காது. பெண்ட்னரைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் அந்த 30 கோலையும் கதைப்பம், அந்தச் சாரதியையும் கதைப்பம்.