எட்டு இலக்கத்தைச் சென்னையிலயே சொல்லுங்க!

தோழர்களே, வேளச்சேரியில ஃப்ளாட் வாங்குனவங்க, வாங்கப் போறவங்க, இன்டீரியர் வேலை பார்க்குற தம்பிங்க எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. பதிவு நீளம்தான். ஆனா ‘உட்டன் ஃப்ளோரிங்’ங்கிற ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஒன்றிய அரசு நடத்துற விளையாட்டு தெரிஞ்சா உங்களுக்கும் கோபம் வரும்.

கடையில போய் “உட்டன் ஃப்ளோரிங் வேணும்”னு கேளுங்க. நாலு விதமான சரக்கை எடுத்துப் போடுவாங்க. முதலாவது, முழு மரத்துல பள்ளமும் நாக்கும் வெட்டுன பட்டை. ரெண்டாவது, அடுக்கடுக்கா மரத்தை ஒட்டி மேல நல்ல மரத்தைப் போட்ட பலகை, இதுக்குப் பேரு இன்ஜினியர்டு. மூணாவது லேமினேட், அதாவது மரத்தூளை நாராக்கி அழுத்துன போர்டு மேல மரத்தோட போட்டோவை ஒட்டுனது. (2015-லயும் 2023 மிக்ஜாம்லயும் தரைதளத்துக்குள்ள தண்ணி வந்த தெருக்காரங்களுக்கு இது எப்படி ஊதும்னு நான் சொல்லத் தேவையில்லை.) நாலாவது எஸ்பிசி. அதுல மரமே கிடையாது, பிளாஸ்டிக்கும் கல்பொடியும்தான்.

உங்களுக்கும் எனக்கும் நாலும் ‘மரத் தரை’தான். சுங்கத்துறை புத்தகத்துல நாலும் வேற வேற வீடு. 1975-ம் வருஷ சுங்கக் கட்டணச் சட்டத்தோட அட்டவணையில ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க எண் உண்டு. முழு மரப் பட்டை 4409. நார் போர்டு 4411. பிளாஸ்டிக் தரை 3918. இன்ஜினியர்டு பலகைக்குத்தான் தலைவலி. அது ப்ளைவுட்னு 4412-க்குப் போகுமா, ‘பொருத்தி முடித்த தரைப் பலகை’ன்னு 4418-க்குப் போகுமா? மேல இருக்குற மரம் மெல்லிய தோல் மாதிரி ஒட்டுனதா, உண்மையிலேயே தடிமனான அடுக்கா, பலகை எப்படிக் கட்டப்பட்டிருக்கு, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு. நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன். அந்த விளக்கக் குறிப்புகளை மூணு தடவை படிச்ச பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

எண் மாறுனா என்ன ஆகும்? கணக்கைப் பாருங்க. 10 லட்சம் ரூபாய் சரக்கு மரம்னு வந்தா அடிப்படை சுங்க வரி 10 சதவீதம், அதாவது 1 லட்சம். அதுமேல சமூக நலக் கூடுதல் வரி 10,000. எல்லாத்தையும் கூட்டி அதுமேல 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, 1,99,800. மொத்தம் 3,09,800. அதுவே பிளாஸ்டிக் தரைன்னா, 2019 ஜூலை பட்ஜெட்டுல 10-ஐ 15 ஆக்கிட்டாங்க. மொத்தம் 3,74,700. மூங்கில் தரைக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பக்கத்துல இருக்குற தேக்குத் தரைக்கு 18.

“மரத்துக்குள்ள எல்லாமே 10 தானே, அப்புறம் என்ன சண்டை?”ன்னு கேப்பீங்க. மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம்ல இருந்து வர்ற சரக்குக்கு 2010-ல இருந்து ஆசியான் ஒப்பந்தச் சலுகை இருக்கு. அந்தச் சலுகை முழுசாவா, பாதியா, விலக்குப் பட்டியலா? அதையும் அந்த எண்தான் சொல்லும். ஒரு இலக்கம் தப்புனா சலுகை போச்சு.

இப்போ வேளச்சேரியில சின்னதா ஒரு கடை வெச்சு, வருஷத்துக்கு நாலு கன்டெய்னர் இறக்குறவரை நினைச்சுக்குங்க. 2011-ல இருந்து எண்ணை அவரே மதிப்பிட்டு எழுதணும். அதிகாரி “இது இல்லை, அது”ன்னு சொன்னா பெட்டி நிக்கும். நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. சரி, பெட்டி வெளிய வந்துடுச்சு, வித்தாச்சுன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. ரெண்டு வருஷத்துக்குள்ள நோட்டீஸ் வரலாம். ‘வேணும்னே மறைச்சார்’னு ஒரு வரி சேர்த்துட்டா அதுவே அஞ்சு வருஷம். விட்ட வரி, அதுக்கு 15 சதவீதம் வட்டி, வரிக்குச் சமமா அபராதம். மேல்முறையீடு பண்ணணும்னாலும் முதல்ல 7.5 சதவீதம் கட்டணும், தீர்ப்பாயத்துக்குப் போனா 10. வித்த சரக்குக்கு வாடிக்கையாளர்கிட்ட திரும்பப் போய் வரி கேக்க முடியுமா?

இத்தனைக்கும் சட்டம் வியாபாரி பக்கம் நியாயமாத்தான் பேசுது. ஒரு எண்ணைக் கோருறதே பொய்த் தகவல் ஆகாதுன்னு 1998-லயே நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எண்ணை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு துறையோடதுன்னு 2006-ல எச்பிஎல் கெமிக்கல்ஸ் வழக்குல சொல்லிடுச்சு. ஆனா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக யாருகிட்ட காசு இருக்கு? ஃபோக்ஸ்வேகன்கிட்ட இருக்கு. உதிரி பாகமா, பிரிச்சு அனுப்புன முழுக் காரான்னு 140 கோடி டாலர் கேட்டு 2024-ல நோட்டீஸ் வந்ததும் நேரா பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போயிட்டாங்க. நம்ம வேளச்சேரி கடைக்காரர் பேசாம கட்டிடுவார். கட்டுன காசை உங்க சதுர அடி விலையில ஏத்துவார்.

நம்ம ஊருக்கு நடக்குற அநியாயம் இனிமேதான். கப்பல் நிக்கிறது சென்னைத் துறைமுகத்துல. கஸ்டம்ஸ் ஹவுஸ் ராஜாஜி சாலையில. முகமில்லா மதிப்பீட்டை நாட்டுலயே முதன்முதலா 2020 ஜூன் 8-ஆம் தேதி சென்னையிலயும் பெங்களூர்லயும்தான் ஆரம்பிச்சாங்க. சோதனை எலி நாம. பெட்டியைத் திறந்து பலகையைக் கையில பிடிக்கிறவர் இங்க, எண்ணை முடிவு பண்றவர் வேற ஏதோ ஊர்ல திரை முன்னாடி. லஞ்சத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடுன்னு சொல்றாங்க. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லல. ஆனா மேல் அடுக்கோட தடிமனை போட்டோவுல எப்படிய்யா பார்ப்பீங்க?

“குழப்பம்னா முன்னாடியே அட்வான்ஸ் ரூலிங் கேட்டுக்கோ”ங்கிறாங்க. நல்ல ஏற்பாடுதான். மூணு மாசத்துல பதில் சொல்லணும்னு சட்டமே இருக்கு. ஆனா 2021 ஜனவரியில அதுக்கான ஆணையத்தை எங்க வெச்சாங்க? டெல்லி, மும்பை. இத்தனை துறைமுகம் இருக்குற தெற்குக்கு ஒண்ணு கூடக் கொடுக்கல. வறுத்த பாக்கு விவகாரம் ஞாபகம் இருக்கா? அப்போ 8-ம் அத்தியாயம்னா அடிப்படை வரி 100 சதவீதமா இருந்துச்சு, 20-ம் அத்தியாயம்னா அதுல பாதி கூட இல்லாம இருந்துச்சு. இறக்குமதியாளர் மும்பை வரைக்கும் போய் ரூலிங் வாங்குனார். அப்பவும் துறை விடல, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்துச்சு. 2023-ல நீதிமன்றமும் 20-ம் அத்தியாயம்தான்னு சொல்லுச்சு.

இதுக்கு எதிர் தரப்புல என்ன கமென்ட் வரும்னு தெரியும். “பணக்காரன் வீட்டுத் தரைக்குக் கட்சி ஏன் அழுவுது?” பாப்கார்ன் பணக்காரன் திங்கிறதா? 2024 டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல உக்காந்து உப்பு போட்டா 5, பாக்கெட்ல அடைச்சா 12, கேரமல் ஊத்துனா 18-னு விளக்கம் கொடுத்தாங்களே. ரொட்டிக்கு ஒரு வரி, பரோட்டாவுக்கு ஒரு வரின்னு 2020-ல நாடே சிரிச்சதே. அதே நோய்தான் இது. தட்டுல தெரிஞ்சது சிரிப்பா இருந்துச்சு, துறைமுகத்துல நடக்குறது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். பலகை ஒட்டுற தம்பிக்கு அன்னைக்குக் கூலி இருக்கா இல்லையாங்கிறதும் பெட்டி எப்போ வெளிய வருதுங்கிறதுலதான் இருக்கு.

அடுத்த கமென்ட், “உள்ளூர் ப்ளைவுட் தொழிலைக் காப்பாத்த வேண்டாமா?” தாராளமா காப்பாத்துங்க. நாடாளுமன்றத்துல வரியை ஏத்துறேன்னு வெளிப்படையா சொல்லி ஏத்துங்க, விவாதிப்போம். எண்ணை மாத்திப் போட்டு கொல்லைப்புறமா ஏத்தாதீங்க. பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து மரம்னு எழுதி ஏமாத்துறவனும் இருக்கான். அவனைப் பிடிங்க, ஜெயில்ல போடுங்க. அவனையும், நாலு அடுக்கா மூணு அடுக்கான்னு குழம்புனவரையும் ஒரே நோட்டீஸ்ல கட்டாதீங்க.

நாம கேக்குறது மூணே மூணு. சுங்க அட்வான்ஸ் ரூலிங் ஆணையத்தோட ஒரு அமர்வு சென்னையில வேணும். எண் பற்றிய நேர்மையான கருத்து வேறுபாட்டுக்கு அஞ்சு வருஷ நோட்டீஸ் அனுப்பக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதணும். இன்ஜினியர்டு தரைப் பலகை எப்போ 4412, எப்போ 4418-னு அளவு போட்டு, தமிழ்லயும் ஒரு சுற்றறிக்கை வெளியிடணும்.

நம்ம எம்.பி.க்களை டேக் பண்ணி இந்த மூணையும் கேளுங்க. நோட்டீஸ் வாங்குன வியாபாரி உங்க தெருவுல யாராவது இருந்தா, விவரத்தை இந்தப் பக்கத்துக்கு உள்பெட்டியில அனுப்பச் சொல்லுங்க, பேர் வெளிய வராது.

#சென்னைக்கு_வேண்டும்_சுங்க_அமர்வு