மூணு செட்னு யார் முடிவு பண்ணினது?

ஒவ்வொரு கிராண்ட் ஸ்லாம் வரும்போதும் பரிசுத்தொகைப் பேச்சும் கூடவே வரும். "பொண்ணுங்க மூணு செட்தானே ஆடறாங்க? அஞ்சு செட் ஆடறவனுக்கும் அதே காசா?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். சுற்றி இருப்பவர்கள் நியாயஸ்தர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். மறுத்துப் பேசுகிறவர்களும் டிக்கெட் விற்பனை, டிவி உரிமை என்று காசுக்குள்ளேயேதான் சுற்றுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்விதான் முக்கியம். அந்த மூணு செட்டை யார் முடிவு பண்ணினது?

நிச்சயமாகப் பெண்கள் இல்லை.

1891இலிருந்து 1901 வரை அமெரிக்க தேசியப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம் 'பெஸ்ட் ஆஃப் ஃபைவ்'தான். மூன்று செட் ஜெயித்தால்தான் கோப்பை. 1901இல் எலிசபெத் மூர் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் ஐந்து செட் ஆடினார். முதல் நாள் மரியன் ஜோன்ஸுடன் 58 கேம், மறுநாள் நடப்பு சாம்பியன் மைர்டில் மெக்காட்டியருடன் 47 கேம். மொத்தம் 105. இரண்டையும் ஜெயித்தார். கால் வரை தொங்கும் பாவாடையோடு.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1902இலிருந்து பெண்களுக்கு மூன்று செட் என்று டென்னிஸ் சங்கம் குறைத்துவிட்டது. இவ்வளவு ஆட்டம் பெண்ணுடம்புக்குத் தாங்காதாம். தாங்கிக் காட்டியவர் கண்ணெதிரே நிற்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூர் எதிர்ப்புத் தெரிவித்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு 1903லும் 1905லும் மறுபடி சாம்பியன் ஆனார்.

இந்த அக்கறை டென்னிஸுக்கு மட்டும் உரியதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். சிலர் களைத்துக் கீழே சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்குக் கிடையாது. மாரத்தான் வர 1984 ஆயிற்று. உடம்பைப் பற்றி உடம்புக்குச் சொந்தக்காரரிடம் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிற பழக்கம் இது.

பெண்கள் டென்னிஸில் உலகமே பார்த்த ஆட்டம் எது என்று கேட்டால் பலரும் 1973ஐத்தான் சொல்வார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 30,472 பேர் முன்னால் பில்லி ஜீன் கிங், பாபி ரிக்ஸை 6-4, 6-3, 6-3 என்று அடித்தார். ஸ்கோரைத் திரும்பப் பாருங்கள். மூன்று செட் ஜெயித்திருக்கிறார். அது ஐந்து செட் ஆட்டம்.

சரி, அது காட்சிப் போட்டி என்பீர்கள். பெண்கள் தொழில்முறை டென்னிஸின் ஆண்டு இறுதிச் சாம்பியன்ஷிப்புக்கு வருவோம். 1984 முதல் 1998 வரை அதன் ஒற்றையர் இறுதி ஐந்து செட் ஆட்டமாகத்தான் நடந்தது. 1990 நவம்பர், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பதினாறு வயது மோனிகா செலஸ் ஒரு பக்கம், கேப்ரியேலா சபாட்டினி மறுபக்கம். முதல் செட் செலஸுக்கு. அடுத்த இரண்டும் சபாட்டினிக்கு. வழக்கமான விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்து, சபாட்டினி கோப்பையோடு போட்டோவுக்கு நின்றிருப்பார். ஆனால் இன்னும் மிச்சம் இருந்தது. செலஸ் 6-4, 6-2 என்று திரும்பி வந்து ஜெயித்தார். 3 மணி 47 நிமிடம். 1901க்குப் பிறகு, 89 வருடம் கழித்து, பெண்கள் ஒற்றையரில் ஐந்தாவது செட் ஆடப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு 1995இல் ஸ்டெஃபி கிராஃப், ஆன்கே ஹ்யூபர். 1996இல் கிராஃப், மார்டினா ஹிங்கிஸ். இரண்டும் ஐந்து செட். 1999இல் சத்தமில்லாமல் மூன்றுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"ஹிங்கிஸுக்குத் தசை பிடிச்சுக்கிச்சே, பாத்தீங்களா?" என்று ஒருத்தர் கேட்பார். பார்த்தேன். 2004 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் கில்லெர்மோ கோரியாவுக்கும்தான் பிடித்துக்கொண்டது. 2023 அரையிறுதியில் அல்கராஸுக்கும் பிடித்துக்கொண்டது. ஆண்களுக்கு மூன்று செட் போதும் என்று அதற்காக யாரும் கமிட்டி போடவில்லை. ஆணுக்குத் தசை பிடித்தால் காவியம், பெண்ணுக்குப் பிடித்தால் மருத்துவச் சான்றிதழ்.

2025 விம்பிள்டன் இறுதியில் அமாண்டா அனிசிமோவா 6-0, 6-0 என்று இகா ஷ்வியான்டெக்கிடம் தோற்றார். 57 நிமிடம். "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார்கள். அனிசிமோவாவுக்கு அது முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதி. அதே 2004 பாரிஸ் இறுதியில் காஸ்டன் காடியோவுக்கும் அது முதல் இறுதிதான். முதல் இரண்டு செட்டை 0-6, 3-6 என்று தொலைத்தவர், நடுக்கம் தெளிந்து ஐந்தாவது செட்டை 8-6 என்று எடுத்துக் கோப்பையை ஜெயித்தார். 2025 பாரிஸ் இறுதியில் சின்னரிடம் முதல் இரண்டு செட்டை இழந்த அல்கராஸ், 5 மணி 29 நிமிடம் ஆடிச் சாம்பியன் ஆனார். பெண்களின் விதிப்படி ஆடியிருந்தால் இந்த இரண்டு கதையும் கிடையாது. அனிசிமோவா மூன்றாவது செட்டில் மீண்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு மூன்றாவது செட்டே இல்லை என்கிறேன்.

கடைசியில் இந்தக் குட்டை ஆட்டத்தை வைத்தே பெண்களின் மேடையையும் பிடுங்குகிறார்கள். பிரெஞ்சு ஓப்பனில் 2021 முதல் இரவு நேரத்துக்குத் தனி டிக்கெட், ஒரே ஒரு ஆட்டம். 2024லும் 2025லும் அந்த இடம் ஒரு இரவுகூடப் பெண்களுக்குத் தரப்படவில்லை. பெண்கள் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், டிக்கெட் வாங்கினவர் ஏமாந்துபோவார் என்பது காரணம். காலை வெட்டிவிட்டு 'குள்ளம்' என்று கேலி செய்வதற்கு வேறு பெயர் இருக்கிறதா?

சம்பள வாதத்தில் உண்மை இருக்கிறதா என்று சோதிக்க ரோம் போதும். அங்கே ஆண்களும் மூன்று செட், பெண்களும் மூன்று செட். 2023இல் பெண்களின் பரிசுத்தொகை ஆண்களுடையதில் பாதிகூட இல்லை. செட் எண்ணிக்கைதான் காரணம் என்றால் ரோமில் ஏன் சமமாகக் கொடுக்கவில்லை?

மூன்று செட் சிறுகதை மாதிரி கச்சிதமானது, அதுவே அழகு என்கிற ரசனை வாதமும் உண்டு. எனக்கும் சிறுகதை பிடிக்கும். ஆனால் 'நாவல் ஆம்பளைங்க எழுதிக்குவாங்க, நீங்க சிறுகதையோட நிறுத்திக்கங்க' என்று ஒரு பத்திரிகை பெண்களிடம் சொன்னால், அதை ரசனை என்று ஒத்துக்கொள்வோமா?

எல்லா வீராங்கனைகளும் ஐந்து செட் கேட்கிறார்கள் என்பது என் வாதமில்லை. முதல் சுற்றிலிருந்தே வேண்டும் என்றும் சொல்லவில்லை. மைதானம், நேரம் எல்லாம் நிஜமான சிக்கல்தான். காலிறுதியிலிருந்து போடுங்கள். முடியாதா, ஆண்களுக்கும் மூன்றாக்குங்கள். கிராண்ட் ஸ்லாமைத் தாண்டினால் அவர்களும் வருடம் பூரா மூன்றுதானே ஆடுகிறார்கள். எதுவானாலும் ஆடுகிறவர்களைக் கேட்டு முடிவு பண்ணுங்கள். 1902இல் செய்யாதது அதுதான்.

இதில் ஒன்றும் நடக்காது என்றால், 'மூணு செட்தானே' என்ற பேச்சையாவது விட்டுவிடுங்கள். அந்த மூணு நீங்க போட்டது.