ஒரு வீடு, மூன்று விலை!

மயிலாப்பூரிலோ அடையாறிலோ பழைய ஃபிளாட் ஒன்றை வைத்துக் கொண்டிருக்கும் பென்ஷன்காரரிடம், "உங்கள் வீடு என்ன விலை பெறும்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். அவர் மீது குற்றமில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் ஒரு விலை, கார்ப்பொரேஷனில் ஒரு கணக்கு, பாங்கியில் மற்றொன்று. விலை போடுகிறவர்கள் மூன்று பேர். பணம் கட்டுகிறவர் மட்டும் அவர் ஒருவரே!

பதிவுத் துறையின் கணக்குக்கு "வழிகாட்டி மதிப்பு" என்று பெயர். யாருக்கு வழி காட்டுகிறது? 2017 ஜூனில் சர்க்கார் இந்த மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. ஆஹா, என்ன தாராளம்! அதே மூச்சில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. ஆட்சி மாறிய பின், 2023 ஏப்ரலில், மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டு, கட்டணத்தை 2 ஆகக் குறைத்தோம் என்று தம்பட்டம் அடித்தார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் அசையவே இல்லை. 60 லட்சம் மதிப்பிட்ட வீட்டுக்கு முதலில் ரூ. 4,80,000, 2017-க்குப் பின் ரூ. 4,42,200, "குறைத்த" 2023-இலோ ரூ. 5,40,000! இந்த ஏற்றத்தை 2024-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது யார்? கட்டுமானக் கம்பெனிகளின் சங்கம். ஒற்றை ஃபிளாட்காரருக்கு ஏது வக்கீல்? அந்த வருஷம் ஜூலையிலேயே புது மதிப்பு வந்துவிட்டது.

கார்ப்பொரேஷன் 2022-இல் பழைய நகரப் பகுதிகளில் 600 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்துவரியை 75 சதவீதம் ஏற்றியது. 1,800-க்கு மேற்பட்ட மாளிகைக்கு 150 சதவீதம் என்றார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வீட்டின் விலை ஏறினால் பென்ஷனும் ஏறிவிடுமா?

பாங்கி விவகாரம்தான் எல்லாவற்றையும்விட மோசம். மதிப்பீட்டாளரை நியமிப்பது பாங்கி. அவர் கூலியைக் கொடுப்பது கடன் கேட்கிறவர். வருகிறவர் சுவரை அளக்கிறார், நாலு போட்டோ எடுக்கிறார், போய்விடுகிறார். பழைய ஃபிளாட்டில் கட்டிடத்தின் விலை வருஷா வருஷம் தேய்கிறது. உயிர் இருப்பது மனையில் உள்ள பிரிபடாத பங்கில்தான். அதை எத்தனை சதுர அடி என்று எழுதினார், எந்தத் தெருவின் விற்பனையோடு ஒப்பிட்டார்? வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் காட்டுவதே இல்லை. அந்த அறிக்கையில் சந்தை விலைக்குக் கீழே இன்னொரு தொகையும் இருக்கும்: அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை! தவணை தவறினால், 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்ட விதிப்படி, இன்னொரு மதிப்பீட்டாளரைக் கேட்டு, பாங்கியைக் கலந்து, பாங்கியின் அதிகாரியே ஏலத்தின் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கிறார். வீட்டுக்காரரைக் கலக்க வேண்டும் என்று அந்த விதியில் ஒரு வார்த்தை உண்டா? இல்லை!

நாம் கேட்பது தானதர்மம் அல்ல. கூலி கொடுத்தவருக்கு அறிக்கையின் நகல் வேண்டும். ஒப்பிட்ட விற்பனைகளின் விவரம் அதில் இருக்க வேண்டும். தவறென்றால் வேறொருவரைக் கொண்டு மறுமதிப்பீடு செய்ய உரிமை வேண்டும். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு ஃபிளாட் சங்கங்கள் தண்ணீர் லாரிக்கும் லிஃப்டுக்கும் கூடுகின்றன. இதற்கும் கூடட்டும். முதலில் பாங்கி மானேஜருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அந்த நகலைக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள்.