பாட்டிலுக்குப் பிணை, ஓடைக்கு?

காலி மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் பிணைத்தொகை உண்டு. மலையோடைக்கு என்ன பிணை? வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேட்டில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது.

உடைந்த பாட்டில்கள் காட்டுவிலங்குகளின் கால்களைக் கிழிப்பதைக் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால், 2022 மே மாதம் நீலகிரியின் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் பரவியது. வேலைச்சுமை கூடியதென்ற கடை ஊழியர்களின் குறை நியாயமானதே. ஆயினும் திட்டத்தின் அறம் தெளிவானது: கேடு விளையுமுன்பே பொறுப்பேற்க வேண்டும்.

கொல்லிமலை ஓடைகளைத் திருப்பி 20 மெகாவாட் புனல்மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது இந்த அறம் எங்கே போயிற்று? ஆகாய கங்கை வறண்டுவிடுமென மலைமக்கள் அஞ்சினர். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோ, 25 மெகாவாட்டுக்குக் குறைந்த புனல்மின் திட்டங்களுக்கு முன் அனுமதி கேட்பதில்லை. ஆகவே அதன்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பும் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாததால், பழங்குடியினரின் கிராம சபைகளுக்கு வலுவூட்டும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலைக்குத் துணையில்லை.

புனல்மின்சாரமே வேண்டாம் என்பதன்று நம் வாதம். நிலக்கரிக்கு மாற்று தேவைதான். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது மக்களைக் கேளாமலிருக்கக் காரணமாகாது. கோடையில் ஓடையில் எவ்வளவு நீர் விடப்படும், தவறினால் என்ன ஈடு என்பதை அரசு செம்மேட்டில் மக்கள் முன்னிலையில், தமிழில் எழுதித் தரட்டும். ஓடைக்குரிய பிணை அதுவே.